புலி விழுங்காத மாத்திரை

பஸ் டிப்போவில் அவள் கணவருக்குப் பெயர் புலி. எந்த மேட்டிலும் எந்த நெரிசலிலும் அலட்டிக்கொள்ளாமல் பஸ்ஸை ஓட்டிவிடுவார். அந்தப் புலிக்கு மாத்திரை விழுங்க வராது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தொண்டைக்குப் போன மாத்திரை போன வேகத்தில் திரும்பிவிடும். கல்யாணமான புதிதிலேயே, யாரிடமும் மூச்சு விடக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தார்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தபோது அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் காலையில் அதை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து மாவாக நசுக்கி, தேனில் குழைத்துக் கொடுத்தாள். அவரும் சமர்த்தாக நக்கிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். ஆனால் போன கொஞ்ச நேரத்திலேயே தலை கிறுகிறுக்கத் தொடங்கியது. ஒருநாள் பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்தியவர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேலாளர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். டாக்டர் சரியென்றால் பஸ், இல்லாவிட்டால் டிக்கெட் கவுண்டரில் ஒரு நாற்காலி என்று சொல்லிவிட்டார். நாற்காலி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து புலி சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு மாலை இருவரும் டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா அளந்து பார்த்தபோது அழுத்தம் எகிறிக் கிடந்தது. மருந்து போதவில்லை, அதனால்தான் கிறுகிறுப்பும், கூட்டிவிடலாம் என்று பேனாவை எடுத்தார்.

அவள் அந்தப் பேனாவையே பார்த்தாள். இப்போதே காலையில் தலை சுற்றுகிறது, இன்னும் கூட்டினால்? அவள் வாயைத் திறப்பதைப் பார்த்துப் புலி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தார். அவள் காலை இழுத்துக்கொண்டு சொல்லியே விட்டாள்.

"டாக்டர், இவருக்கு மாத்திரை முழுங்க வராது. நான்தான் தினமும் நசுக்கித் தேன்ல கொடுக்கிறேன்."

புலி சுவரில் இருந்த நாட்காட்டியைப் படிக்க ஆரம்பித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை, பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. இது நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா மருந்தை விடற மாத்திரை. நசுக்கினா மொத்தமும் ஒரேயடியா ரத்தத்துல இறங்கிடும். காலைல தலை சுத்தும், சாயங்காலம் ஒண்ணும் மிஞ்சாது."

"அப்போ ஊசியே போட்டுருங்க," என்றார் புலி, போன மானத்தில் பாதியையாவது மீட்கும் குரலில்.

"ஊசி இன்னும் அவசரக்காரனுங்க. வயிறு, ஈரல்னு எங்கயும் நிக்காம நேரா ரத்தத்துக்கே போயிடும். உங்களுக்கு நிதானமா போறதுதான் வேணும்."

தண்ணீரில் கரைத்துக் குடிக்கக்கூடிய வேறொரு மருந்தை எழுதினார். அது கரைத்தாலும் ரத்தத்தில் மெதுவாகவே ஏறும், உடம்பும் அதை அவசரப்பட்டு வெளியேற்றாது, நாள் பூரா நிற்கும் என்றார்.

வாசல் படி இறங்கியதும் புலி அவள் பக்கம் திரும்பினார்.

"சத்தியம் பண்ணினியே."

"பண்ணினேன். அதுக்காக உங்களை விட்டுட முடியுமா?"

அவர் மருந்துச் சீட்டை அவளிடமிருந்து வாங்கிப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தார்.

புது மருந்தில் கிறுகிறுப்பு நின்றது. காலையிலும் மாலையிலும் அழுத்தம் அடங்கியே இருக்க, டாக்டரம்மா பஸ் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். முதல் நடைக்கு அவள் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். புலி கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"டிப்போல மட்டும் சொல்லிடாதே."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க," என்றாள்.