முன் பெஞ்சு

கோவில்பத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர் கமலாம்பாள் பிரசவ லீவில் போனாள். எழுபத்தொன்பதாம் வருஷம் அது. அந்த இடத்துக்குத் தற்காலிகமாக வந்தவள் தையல்நாயகி. புருஷன் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அழுகை எப்போதோ நின்றுவிட்டது. எழுந்தாள், பாடம் நடத்தினாள், வீடு திரும்பினாள். எதுவும் உள்ளே போய்த் தொடவில்லை.

கடைசி வரிசையில் அல்லி என்றொரு பெண். ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. அதற்குப் படிப்பு ஏறாது, தண்ணீர்ப் பானையை நிரப்பச் சொன்னால் செய்யும் என்று ஹெட்மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். தையல்நாயகியும் அப்படியே விட்டுவிட்டாள். பேசாத பிள்ளை அவளுக்குத் தோதாகத்தான் இருந்தது.

ஒருநாள் நடத்தின பாடத்திலிருந்து டிக்டேஷன் போட்டாள். வகுப்பைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகள் அல்லியின் சிலேட்டில் சரியாக இருந்தன. ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்ன இடங்கள் மட்டும் காலி. தையல்நாயகி சிலேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளை முன் பெஞ்சில் உட்கார வைத்தாள். அன்றிலிருந்து போர்டில் எழுதும்போது பேசுவதில்லை. எழுதிவிட்டு, திரும்பி நின்று பேசினாள். தண்ணீருக்கு எல்லாப் பிள்ளைகளையும் முறை வைத்து அனுப்பினாள். அல்லி உடைந்த குரலில் வாசித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்து முடியும்வரை காத்திருந்து, அடுத்த வரியை வாசிக்கச் சொன்னாள்.

கமலாம்பாள் திரும்பி வந்தாள். தையல்நாயகி எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல, சரி சரி என்று கேட்டுக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து, பள்ளிக்கூட நேரத்தில், தையல்நாயகி மீன் மார்க்கெட்டுக்குப் போனபோது, மீன் விற்கும் தாய் அமிர்தத்தின் கூடைப் பக்கத்தில் உட்கார்ந்து அல்லி செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடி கடேசில உக்கார வச்சிட்டாங்க டீச்சர்," என்றாள் அமிர்தம். "தண்ணி தூக்கத்தான்னா இங்கனயே இருக்கட்டும்."

கோபம் வரும் என்று தையல்நாயகி எதிர்பார்த்தாள். வரவில்லை. அல்லியைக் கை கழுவச் சொல்லி, பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிப் போனாள்.

"இவ ஒங்க வாயப் பாத்துத்தான் படிக்கிறா டீச்சர். முன்னாடி உக்காரணும்," என்றாள் கமலாம்பாளிடம்.

"அறுவது பிள்ளைங்கள வச்சிக்கிட்டு ஒருத்திக்காகத் திரும்பித் திரும்பி நிக்க முடியுங்களா?" என்றாள் கமலாம்பாள்.

"நானும் அதே அறுவது பிள்ளைங்களத்தான் வச்சிருந்தேன்."

கமலாம்பாள் சாக்பீஸை மேஜையில் வைத்தாள். பிறகு முன் பெஞ்சுப் பிள்ளைகளை நகர்ந்து உட்காரச் சொன்னாள்.

அல்லி ஐந்தாம் வகுப்புக்குப் பாஸான செய்தியை அமிர்தம்தான் பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சொன்னாள். அப்போது தையல்நாயகிக்கு அம்பகரத்தூர்ப் பள்ளியில், லீவில் போன வேறொருவர் இடத்தில் வேலை. தலையை ஆட்டினாள். சந்தோஷம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.