வாய் வைக்காதீர்கள்

"கொப்புளிடி!"

பித்தளைச் சொம்பை மகளின் உதட்டோடு அழுத்திப் பிடித்திருந்தாள் பாஞ்சாலி. உள்ளே மஞ்சள் கரைத்த தண்ணீர். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லருகே, பள்ளிக்கூடத்துச் சீருடையைக்கூட மாற்றாமல் குனிந்து நின்றாள் கலைப்பிரியா. எத்தனை தரம் கொப்புளித்தும் பின்வாசலை மறித்து நின்ற அப்பாவுக்குப் போதவில்லை.

"இன்னொரு தபா," என்றார் சீனுவாசன்.

"துப்பிட்டேம்பா. பல்லெல்லாம் மஞ்சளாப் போச்சு."

"மஞ்சளாப் போனா போவட்டும். வாய்க்குள்ள போன கண்டவ எச்சில் வெளிய வரணும்."

கலைப்பிரியா மறுபடி வாய் நிறைய வாங்கிக் கொப்புளித்துக் கல்லின்மேல் துப்பினாள். துப்பியது துப்பியபடி, கண் எதிரே, சிவந்தது.

பாஞ்சாலி அலறிவிட்டாள். "ஐயோ, ரத்தம் மாதிரி இருக்கே! இங்க வந்து பாருங்களேன்!"

சீனுவாசன் வந்து பார்த்தார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை யாவாரத்தில் எடைக்கல்லைக்கூட நம்பாத மனுஷன் அவர். கல்லின்மேல் செவசெவவென்று பரவியிருந்ததை மட்டும் அப்படியே நம்பினார்.

"பாத்துக்கினியா? இதான் தீட்டு. தெரியுதா இப்ப?"

"அது சோப்புப்பா," என்றாள் கலைப்பிரியா. "காலைல அம்மா துணி தொவச்ச சோப்பு கல்லுல இருக்கு. சோப்பு காரம். காரம் பட்டா மஞ்சள் செவக்கும். டீச்சர் சொல்லியிருக்காங்க."

"எதுத்தா பேசற?" அறை விழவில்லை, கை மட்டும் ஓங்கி நின்றது. "இன்னொரு வார்த்தை பேசின, டி.சி.ய வாங்கி வீட்ல குந்த வெச்சிடுவேன். சயின்ஸும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அதற்குமேல் அவள் பேசவில்லை. பத்தாவது முடித்ததும் காமர்ஸ்தான் என்று முடிவாகியிருந்த வீட்டில், சாப்பிடாமல் கிடந்து வாங்கிய சயின்ஸ் குரூப் அது. அதைக் கையைவிட்டு நழுவவிட அவளால் முடியாது.

நடந்தது இவ்வளவுதான். ஒலக்கூர்ப் பக்கத்து அந்த அரசுப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் பிப்பெட் என்கிற கண்ணாடிக் குழல் நாலோ ஐந்தோதான் உடையாமல் மிச்சம். நடுவில் வயிறு பெருத்த குழல். நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, மேல்முனையில் வாய் வைத்து உறிஞ்சி, கோடு வரை ஏறியதும் விரலால் பொத்த வேண்டும். ஒரே மேசையில் நிற்கும் கலைப்பிரியாவுக்கும் காலனி வேணிக்கும் சேர்த்து ஒன்று. வேணி உறிஞ்சினாள், அடுத்துக் கலைப்பிரியா உறிஞ்சினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் ராஜ்குமார், கலைப்பிரியாவின் பெரியப்பா மகன். சாயங்காலம் மல்லாட்டை காய்கிற களத்தில் வந்து வத்தி வைத்துவிட்டான். "சித்தப்பா, நம்ம கலை இன்னிக்கு வேணி எச்சில ஜூஸ் மாதிரி உறிஞ்சிச்சு!"

மறுநாள் காலை சீனுவாசன் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஆயிற்றே, தலைமையாசிரியரே எழுந்து நாற்காலி போட்டார். டீ வந்தது. வேதியியல் ஆசிரியை அன்புச்செல்வியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கலைப்பிரியாவை உள்ளே அழைத்தார்கள். வேணியையும் கூப்பிட்டார்கள்தான், ஆனால் அவளை வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள்.

"நான் ஒண்ணும் தகராறு பண்ண வரல டீச்சர்," என்று ஆரம்பித்தார் சீனுவாசன். தகராறு பண்ண வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். "எங்க புள்ளைங்களுக்குத் தனிக் குழாய் குடுங்க. அடையாளத்துக்கு ஒரு செவப்பு நூல் கட்டிடுங்க. வேலை முடிஞ்சுது."

"என்னத்துக்கு சார்?"

"எச்சில் இல்லியா?"

"எச்சில்னா எல்லாரோடதும் எச்சில்தான் சார். ராஜ்குமார் வெச்ச குழாயிலதான் நேத்து இன்னும் ஆறேழு பசங்க வாய் வெச்சாங்க. அதுக்கு நூல் வேணாமா?"

"அவன் எங்க பையன்."

"அப்ப நீங்க கேக்கறது எச்சிலப் பத்தி இல்ல."

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். சீனுவாசன் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "வீட்ல மஞ்சத்தண்ணிய ஊத்திக் கொப்புளிக்கச் சொன்னேன். ரத்தமாச் செவந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்."

அன்புச்செல்வி வெளியே போனாள். சமையல் கூடத்திலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சளும், கை கழுவும் இடத்திலிருந்து சோப்புத் துண்டும் எடுத்து வந்தாள். வெள்ளைத் தாளில் மஞ்சளைக் குழைத்துத் தேய்த்தாள். ஈர சோப்பால் ஒரு கோடு இழுத்தாள். கோடு சிவந்தது.

"இதுல யாரு எச்சில் சார் இருக்கு? பதினொண்ணாவதுல முதல் பாடமே இதான். பொருளோட பண்பு. நிறம் மாறுதுன்னா ஏன் மாறுதுன்னு சோதிச்சுப் பாருன்னு சொல்றோம். கண்ணுல பட்டதை வெச்சு முடிவு பண்ணாதேன்னு சொல்றோம்."

சீனுவாசன் தாளைப் பார்க்கவில்லை. ஆசிரியையைப் பார்த்தார். "டீச்சருக்கு எந்த ஊரு?"

"திண்டிவனம்."

"திண்டிவனத்துல எங்க?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

"சர்ச்சுக்குப் பின்னால, காலனித் தெரு. அப்பா பேரு ஆரோக்கியராஜ். இன்னும் எதாவது தெரியணுமா சார்?"

"அதான பாத்தேன்," என்றார் சீனுவாசன். பாதி குடித்த டீ கிளாசை மேசைமேல் வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். "நீ சொல்லு. அவ வாய் வெச்சதுல அப்படியே வாய் வெச்சியா?"

கலைப்பிரியா ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வேணியின் ரெட்டைச் சடை தெரிந்தது. இங்கே அப்பாவின் கண். நடுவில் டி.சி.

"கழுவிட்டுத்தாம்பா வெச்சேன்."

பொய். அவள் கழுவவில்லை. கழுவ வேண்டும் என்று அந்த நிமிஷம் தோன்றக்கூட இல்லை. ஜன்னலில் தெரிந்த சடை சட்டென்று மறைந்தது.

"ஜூலைல வேணி உறிஞ்சினப்போ காஸ்டிக் சோடா வாய்க்குள்ள ஏறி நாக்கு வெந்து போச்சு," என்றாள் அன்புச்செல்வி, தலைமையாசிரியரைப் பார்த்து. "ஒரு வாரம் கஞ்சிதான் குடிச்சிருக்கா. அதக் கேக்க ஒரு ஆளும் இந்த ரூமுக்கு வரல. நான் சேர்ந்த நாள்லருந்து ரப்பர் பல்பு கேட்டுக்கினே இருக்கேன். நாக்கு வெந்ததுக்கப்புறம், அது வர்ற வரைக்கும்னு வெறும் தண்ணிலதான் பழக்கறேன்."

"மேல எழுதியிருக்கேம்மா," என்றார் தலைமையாசிரியர்.

"பல்புன்னா?" என்றார் சீனுவாசன்.

"குழாய் தலைல மாட்டற ரப்பர் உருண்டை. அமுக்கி விட்டா அதுவே உறிஞ்சும். யாரும் வாய் வெக்க வேணாம். வெக்கவும் கூடாது."

சீனுவாசன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "யாரும் வாய் வெக்க வேணாமா? அட, இத மொதல்லயே சொல்லியிருந்தா எதுக்கு இந்தப் பேஜாரு! விழுப்புரத்துல கெடைக்குமா? நானே வாங்கித் தரேன்!"

வெந்த நாக்குக்கு வராத பல்பு அந்த வாரமே வந்து இறங்கியது.

அந்த வாரம் முழுக்க வேணி கலைப்பிரியாவின் மேசைக்கு வரவில்லை. கடைசி மேசைக்குப் போய்விட்டாள். கலைப்பிரியா ஒருநாள் தானே போய், "வேணி, அன்னிக்கு நான்..." என்று தொடங்கினாள்.

"தள்ளி நில்லு," என்றாள் வேணி. "காத்து படப்போவுது. அப்புறம் மூக்கையும் கழுவணும்."

பின்னாலிருந்து ராஜ்குமார் கெக்கெக்கே என்று சிரித்தான். கலைப்பிரியா திரும்பி, "உன் வாயத்தான் மொதல்ல காஸ்டிக் சோடா ஊத்திக் கழுவணும்டா," என்றாள். அதற்கும் வேணி திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விழா. ரப்பர் உருண்டைகள் தாம்பாளத்தில், சந்தனம் குங்குமத்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. ஆய்வகக் கதவில் புதுப் பலகை. அன்புச்செல்வி எழுதித் தந்த விதிகள்: கண்ணாடி அணியாமல் அமிலத்தைத் தொடாதீர்கள். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். எதையும் நேராக முகராதீர்கள், சுவைக்காதீர்கள். கடைசி வரி, 'எதிலும் வாய் வைக்காதீர்கள்.' அந்த வரியை மட்டும் சிவப்பில், இரண்டு மடங்கு பெரிதாக எழுத வைத்திருந்தார் சீனுவாசன். அடியில், அதைவிடப் பெரிதாக, 'உபயம்: சீனுவாசன்.'

மைக்கைப் பிடித்ததும் அவர் குரல் தழுதழுத்தது. "நம்ம பாட்டன் பூட்டன் அன்னிக்கே சொன்னாங்க, எச்சில் கலக்காதேன்னு. பட்டிக்காட்டான் பேச்சுன்னு சிரிச்சாங்க. இன்னிக்கு சயின்ஸே போர்டு வெச்சு சொல்லுது!"

கைதட்டல் கொட்டகையை நிரப்பியது. தலைமையாசிரியர் தட்டினார். முன்வரிசையில் பாஞ்சாலி தட்டினாள். அன்புச்செல்வியின் கை மடியிலேயே கிடந்தது. பூட்டிக் கிடக்கும் அலமாரிபோல அவள் முகம் இறுகியிருந்தது. அவள் கேட்ட பொருள் கிடைத்துவிட்டது. கேட்ட காரணத்தைத்தான் களவாடிவிட்டார்கள்.

கலைப்பிரியா அந்த முகத்தைப் பார்த்தாள். தான் சொன்ன பொய்யைத்தான் அப்பா ரப்பர் உருண்டையாக்கித் தாம்பாளத்தில் வைத்து ஊர்வலம் விடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. கழுவிட்டுத்தாம்பா. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால்?

விழா முடிந்ததும் வராந்தாவில் கூட்டம். பெரியவர்களுக்கு மிக்சரும் டீயும். வேணி தூணோரம் நின்று பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். வாய் வைத்து ரெண்டு மடக்குக் குடித்தாள். கலைப்பிரியா நேராக அவளிடம் போனாள்.

"தண்ணி குடு."

வேணி ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கப்பா ஊருக்கே பல்பு குடுத்தாரே, உனக்குத் தரலியா?"

"தாகமா இருக்கு. குடு."

"கொழாய் அங்க இருக்கு."

"எனக்கு இந்தத் தண்ணிதான் வேணும்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேணி பாட்டிலை நீட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "தூக்கிக் குடிக்கறதா இருந்தா தர மாட்டேன். எங்க வீட்டுத் தண்ணிய மேலருந்து யாரும் ஊத்திக்க வேணாம்."

"வாய் வெச்சுத்தான் குடிப்பேன்."

"அப்ப," வேணி துப்பட்டா நுனியை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "கழுவிட்டுத் தரட்டுமா?" என்றாள்.

அந்த வார்த்தை வந்து சேர வேண்டிய இடத்தில் வந்து சேர்ந்தது. கலைப்பிரியாவின் காது மடல் எரிந்தது.

"வேணாம். அன்னிக்கும் நான் கழுவல. பொய் சொன்னேன்."

டீ கிளாசோடு சீனுவாசன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏய் கலை! இன்னாடி பண்ற? போர்டு கண்ணுக்குத் தெரியலியா? எதிலும் வாய் வெக்காதேன்னு எழுதியிருக்கில்ல!"

கலைப்பிரியா ஆய்வகக் கதவைப் பார்த்தாள். சிவப்பெழுத்து பளபளத்தது. பிறகு குனிந்து, தான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள்.

"அது லேப்புக்குள்ளப்பா. நான் வெளிய நிக்கறேன்."

பாட்டிலை வாங்கி உதட்டில் வைத்தாள். அவசரப்படாமல் மடக் மடக்கென்று குடித்தாள். ராஜ்குமாரின் வாய் மிக்சரோடு திறந்தபடி நின்றது. அன்புச்செல்வி கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தபோது வேணி சிரிக்கவில்லை, நன்றி சொல்லவில்லை. துப்பட்டாவால் பாட்டில் வாயை அழுந்தத் துடைத்து மூடினாள்.

"எங்க வீட்லயும்தான் சொல்லியிருக்காங்க," என்றாள், "பொய் சொன்ன வாய் பட்டா தொடச்சிட்டுக் குடின்னு." சொல்லிவிட்டு, மூடியைத் திறந்து மிச்சத்தைக் குடித்தாள்.

சீனுவாசன் கிளாசோடு கையை ஓங்கினார். டீ வேட்டியில் சிந்தியது. "டி.சி.தான் உனக்கு. நட வீட்டுக்கு! நட சொல்றேன்!"

கலைப்பிரியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் குரலில் எதிர்ப்புகூட இல்லை. பாடம் ஒப்பிக்கிற குரல்தான்.

"வர்றேன். அம்மாவ மஞ்சத்தண்ணி கரைச்சு வெக்கச் சொல்லுப்பா. கல்லுமேல சோப்பையும் நல்லாத் தேய்ச்சு வெக்கச் சொல்லு. இல்லன்னா செவக்காது."