உராய்வைப் புறக்கணிக்கவும்

இருபது கிலோ நிறையுள்ள பெட்டி ஒன்று வழவழப்பான தரையில் இருக்கிறது. அதை நாற்பது நியூட்டன் விசையால் தள்ளினால் முடுக்கம் என்ன? கணக்கு இவ்வளவுதான். நாற்பதை இருபதால் வகுத்து, இரண்டு என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அப்படி லேசில் போகவிடமாட்டார்கள்.

"பெட்டிக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

அவர் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில் செய்கிறார். பீரோ, கட்டில், சோபா, துணி துவைக்கும் மிஷின் என்று இந்த நகரத்தில் அவர் தோள்படாத சாமான் குறைவு. கூட ஒரு கூட்டாளி உண்டு. ஆள் ஒல்லி, முடிச்சுப் போடுவதில் கெட்டிக்காரர், அதனால் எல்லோருக்கும் அவர் 'கயிறு'. இருவரும் சேர்ந்து தள்ளாத தள்ளா? ஆகவே 'தள்ளு' என்ற சொல் காதில் விழுந்தால் போதும், என் வீட்டுக்காரருக்கு அது தன் வீட்டுச் சொத்து என்று நினைப்பு.

எனக்கு வேலை டிராம் நிலையத்தில், டிக்கெட் கவுன்ட்டரில். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டே, எதிரில் வந்து நிற்கிற ஒவ்வொரு டிராமையும் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவள் நான். டிரைவர் ஆக வேண்டும். அதற்குப் பயிற்சியில் சேர ஒரு எழுத்துத் தேர்வு. அத்தனை டன் வண்டியை ஓட்டுகிறவருக்கு விசை, நிறை, இயக்கம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் பாதித் தாள் இயற்பியல். போன வருடம் அந்தப் பாதியில்தான் கவிழ்ந்தேன். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும். இந்தத் தடவை விட்டால் கண்ணாடிக்குப் பின்னாலேயே நரைக்க வேண்டியதுதான்.

அதனால் தினமும் காலையில், டூட்டிக்குப் போகுமுன், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைகளுக்கு என் மகள் பொறுப்பு. நான் பார்த்துவிடக் கூடாதென்று அந்தப் பக்கங்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். யாரையும் நம்பாத குணம் அவளுக்கு என்னிடமிருந்துதான் வந்தது.

நிறை வேறு, எடை வேறு என்று என் மண்டையில் ஏற்றியதும் அவள்தான். "அப்பாவோட நிறை தொண்ணூறு கிலோ. எடை தொள்ளாயிரம் நியூட்டன்" என்றாள். டீ குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரையேறிவிட்டது. தொள்ளாயிரம் என்று வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மறுநாளே கயிறு வீட்டுக்குள் நுழையும்போது "தொள்ளாயிரம் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

தொல்லை இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு கணக்கிலும் மூக்கை நுழைத்தார். பெட்டிக்குப் பிடி இருக்கிறதா, தரையில் மிதியடி கிடக்கிறதா, வாசலில் படி உண்டா, ஒரே ஆளா இரண்டு பேரா என்று ஒரு கேள்விக்கு ஒன்பது கேள்வி. 'உராய்வைப் புறக்கணிக்கவும்' என்று புத்தகத்தில் வரும் இடமெல்லாம் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "எவன் புறக்கணிச்சான்? என் முதுகைக் கேளு, சொல்லும்" என்பார். நானும் வேண்டாம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் தினமும் ஒரே பாட்டைக் கேட்டால் நாக்கு தானாக முணுமுணுக்கும் அல்லவா? அப்படித்தான் ஆயிற்று.

இந்தத் தேர்வுக்கென்று நான் போய்க்கொண்டிருந்த வகுப்பில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். ஐம்பது கிலோ அலமாரி, வழவழப்பான தரை, நூறு நியூட்டன் விசை, முடுக்கம் என்ன என்று கேள்வி. நான் கண்ணை மூடிக்கொண்டு 'நகராது' என்று எழுதியிருந்தேன். எழுதியதுகூட நினைவில்லை. டீச்சர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் நகராது என்று கேட்டார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், ஆனால் பார்வையில் எதுவும் தப்பாது. காலி அலமாரியாக இருந்தாலும் அவ்வளவு சுலபத்தில் நகராது என்று நான் சொல்ல, வகுப்பே சிரித்தது.

வீட்டில் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றேன், அவர் தொழிலையும் சொன்னேன். டீச்சர் சிரிக்காமல் சொன்னார்:

"உராய்வையும் புறக்கணிங்க. அவரையும் புறக்கணிங்க."

வீட்டுக்கு வந்து இதை அப்படியே ஒப்பித்தேன். எனக்கும் கோபம்தான். வாழ்க்கையில் கடைசி வாய்ப்பு, அதிலும் இந்த மனுஷர் வந்து குட்டையைக் குழப்புகிறாரே என்று ஆத்திரம். இனிமேல் கணக்குப் போடும்போது அந்தப் பக்கமே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். முகம் தொங்கிப் போயிற்று. டீ டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அதற்குப்பிறகு வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், குழாய் சொட்டினாலும், குப்பை எடுக்க மறந்தாலும், அவர் சொல்கிற ஒரே பதில் "புறக்கணிக்கவும்" என்பதுதான். மகளும் அதைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் கொடுத்த மதிப்பெண்ணைக் காட்டும்போதுகூட அதைச் சொன்னாள்.

ஆனால் அவர் மனசு ஆறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கயிற்றையும் அழைத்துக்கொண்டு வந்து மேஜைக்கு எதிரில் நின்றார். உராய்வைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசமாட்டாராம். ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டுமாம். 'வழவழப்பான'.

புத்தகத்துக்கு வழவழப்பு என்றால் கவலை இல்லை என்று பொருள். கணக்குச் சுருங்கும், அவ்வளவுதான். அவர்கள் தொழிலில் அதற்கு நேர் எதிர். முன்னால் போகிறவர் "வழவழ" என்று குரல் கொடுத்தால், ஈரத் தரையோ பாலிஷ் போட்ட கல்லோ வருகிறது, கை கால் உடையப்போகிறது என்று பொருள். பின்னால் இருப்பவர் மூச்சைக்கூட நிறுத்திவிட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, செய்துகாட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

தடுத்துப் பார்த்தேன். கேட்டால்தானே. நடையில் ஒரு வாளி சோப்புத் தண்ணீரைக் கொட்டினார். பீரோவைக் கயிறும் அவரும் நகர்த்தி நடுவில் வைத்தார்கள். காலுறை மாட்டிக்கொண்டார். மகள் நாற்காலிமேல் ஏறி நின்று, "புறப்படலாம்" என்றாள். அவர் பீரோவில் இரண்டு கையையும் வைத்து, பல்லைக் கடித்து ஒரு தள்ளு தள்ளினார்.

துணியெல்லாம் அடைத்த பீரோ, அவரைவிடக் கனம். அது ஏதோ மரியாதைக்கு ஒரு சாண் நகர்ந்தது. அவர் கிளம்பிவிட்டார். வந்த வழியே, முகம் எங்களைப் பார்த்தபடி, பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே நடையின் கோடிவரை போய், குளியலறை வாசலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடினால் நானும் சறுக்குவேன். கயிறு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் போனார். என் வீட்டுக்காரரோ விழுந்த இடத்திலிருந்தே, விரலை நீட்டி, புத்தகத்தைப் பார்த்துப் பேசினார்.

"பெட்டி முன்னால போச்சுன்னு எழுதியிருக்கான். சரி. தள்ளினவன் எங்க போனான்? அதை ஏன் எழுதல?"

எலும்பு எதுவும் முறியவில்லை என்று தெரிந்தபிறகு சிரிக்க ஆரம்பித்தோம். மகள் நாற்காலியிலிருந்து இறங்க முடியாமல் சிரித்தாள். ஆனால் இடுப்புப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. தேர்வும் அந்த வாரம்தான். அவருக்குத் தைலம் தேய்த்த கையோடு கணக்குப் போட்டேன், புத்தகமெல்லாம் தைல வாசனை. அவர் குப்புறப் படுத்தபடி வாயைத் திறக்கவே இல்லை. ஒரு தடவை மட்டும், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நானே கேட்டேன். தலையணைக்குள்ளிருந்து "புறக்கணிச்சிட்டேன்" என்று பதில் வந்தது. அப்போது எனக்கு அவர்மேல் ரொம்பப் பாவமாக இருந்தது.

தேர்வு அறையில் உட்கார்ந்து தாளைத் திருப்பினேன். முதல் பக்கத்தில் இரண்டு கணக்கு சுத்தமாக மறந்துபோயிற்று. மூன்றாவதில் எடைக்கும் நிறைக்கும் நடுவே தடுமாறி, தொள்ளாயிரத்தை நினைத்துத் தப்பித்தேன். பெட்டிகள் வந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் வகுத்துக்கொண்டே போனேன். எல்லாம் முடித்துக் கூட்டிப் பார்த்தால், தேற வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் குறையும் போலிருந்தது. மிச்சம் இருந்தது கடைசிக் கணக்கு ஒன்றுதான்.

அறுபது கிலோ நிறையுள்ள ஒருவர், வழவழப்பான தரையில் நின்றுகொண்டு, முப்பது கிலோ பெட்டி ஒன்றை அறுபது நியூட்டன் விசையால் தள்ளுகிறார். பெட்டியின் முடுக்கம் என்ன? தள்ளியவருக்கு என்ன நேரும்?

அந்த இரண்டாவது கேள்வியைப் படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மேற்பார்வையாளர் நிமிர்ந்து முறைத்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன், ஆனாலும் தோள் குலுங்குவது நிற்கவில்லை. பெட்டிக்கு இரண்டு. அவர் எவ்வளவு தள்ளினாரோ அவ்வளவு பெட்டியும் அவரைத் திருப்பித் தள்ளும், ஆகையால் அவருக்கு ஒன்று, எதிர்த் திசையில். 'பின்பக்கமாக' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். குளியலறை வாசல்வரை என்று எழுதக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மூன்று பேரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். கயிறுகூட அன்று வேலைக்குப் போகவில்லை.

"கேள்வித்தாள்ல நீங்க வந்திருந்தீங்க" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்து நின்றார். முதலில் அவர் கேட்டது விடையை இல்லை.

"எத்தனை கிலோன்னு போட்டிருந்தான்?"

"அறுபது."

தொப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நம்ம கல்யாண போட்டோவைப் பார்த்திருப்பான்" என்றார்.

முடிவு வந்தது. கடைசிக் கணக்கின் மதிப்பெண் இல்லையென்றால் நான் தேறியிருக்க மாட்டேன். கவுன்ட்டரில் இருக்கும்போதுதான் செய்தி வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு அம்மாவுக்கு டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, அழுதேன். சில்லறை குறைந்துவிட்டதோ என்று அவர் பயந்துபோனார்.

பயிற்சியில் எனக்குப் பிடித்துப்போன பாடம் ஒன்று உண்டு. டிராமின் சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. மழையில் இரண்டும் வழுக்கும். அதற்காக வண்டிக்கு அடியில் ஒரு மணல் பெட்டி வைத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் விழும், பிடிப்புக் கிடைக்கும், வண்டி நிற்கும். உராய்வை இங்கே யாரும் புறக்கணிப்பதில்லை, காசு கொடுத்து வாங்கி வண்டியில் ஏற்றிவைக்கிறார்கள். இதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் அந்த டீச்சருக்கு ஒரு பை மணல் அனுப்பலாமா என்று கேட்டார்.

நான் தனியாக ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில், ஒரு தூறல் மதியம். வளைவைத் தாண்டியதும் தண்டவாளத்தின் குறுக்கே ஒரு சோபா நடந்துபோனது. முன்பக்கம் ஒல்லியாக ஒருவர், பின்பக்கம் கனமாக ஒருவர். ஒல்லி ஈரத் தண்டவாளத்தைப் பார்த்து என்ன கத்தியிருப்பார் என்பது எனக்குக் கேட்காமலே தெரிந்தது. இருவரும் அப்படியே மூச்சை நிறுத்தி நின்றுவிட்டார்கள், நட்டநடுப் பாதையில். பிரேக்கை இழுத்து மணலை விட்டேன். வண்டி முனகிக்கொண்டே வந்து, சோபாவுக்கு நல்ல இடைவெளி விட்டு நின்றது.

பின்பக்க ஆள் திரும்பிப் பார்க்காமலே டிரைவரைத் திட்ட வாயைத் திறந்தார். பிறகு பார்த்தார். வாய் திறந்தபடியே இருந்தது.

சோபாவைப் பாதைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். அவர் மட்டும் திரும்பி வந்தார். குனிந்து தண்டவாளத்தில் கிடந்த மணலை விரலால் தொட்டுப் பார்த்தார். காலை நன்றாக ஊன்றிக்கொண்டு, என் வண்டியின் மூக்கில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, பல்லைக் கடித்துத் தள்ள ஆரம்பித்தார். பயணிகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இந்தத் தடவை அவரும் சறுக்கவில்லை, வண்டியும் நகரவில்லை. முடுக்கம் பூஜ்யம். எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த அலகில் எழுதுவது என்று தெரியாமல், மணியை இரண்டு தடவை அடித்தேன்.