சதை அடங்கும் முன்

மாட்டின் முதுகுச் சதையை இயந்திரத்தில் வைத்து, எவ்வளவு அழுத்தினால் கத்தி இறங்குகிறது என்று பார்க்க ஒரு படிப்பா? கடித்தால் தெரிந்துவிடாதா? ஆராய்ச்சிக்கூடத்தில் தரை கழுவும் கிழவருக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் வீட்டில் உலை கொதிப்பதே அந்த இயந்திரத்தால்தான். சதையை ஆராய்கிறவள் அவர் மருமகள். மகனோ முதுகு ஒடிந்து படுத்த படுக்கை.

அன்று அறுத்தது கடைசி மாடு. மருமகள் சொன்ன தீவனத்தைத் தின்று வளர்ந்தது. சதை மெத்தென்று வந்தால் அவளுக்கு வேலை நீடிக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

வெட்டிய துண்டு தட்டில் ஆவி பறக்கக் கிடந்தது. டாக்டர் கூப்பிட்டாரென்று அவள் மாடிக்கு ஓடினாள். ஒரு ஈ வந்து சுற்றியது. கிழவர் விரட்டியும் போகவில்லை. பட்ட பாடெல்லாம் ஈ மொய்த்துப் போவதா? தட்டைத் தூக்கி ஃப்ரீசருக்குள் தள்ளினார்.

திரும்பி வந்தவள் மேசையைப் பார்த்துத் திகைத்தாள்.

"மாமா, தட்டு எங்க?"

"கெட்டுப் போயிடும்னு ஐஸ்ல வச்சிருக்கேன்மா."

"எப்போ?"

"நீ போன கையோட."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "மாடுதான் செத்துச்சு மாமா. சதை இன்னும் சாகல. அது அடங்கறதுக்குள்ள குளிர் பட்டா சுருட்டிக்கும். அப்புறம் இளகவே இளகாது."

"வெளிய எடுத்து வச்சிடட்டா?"

அவள் எழுந்து ஃப்ரீசரைத் திறந்தாள். துண்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மூடினாள்.

இயந்திரத்தில் வைத்த அன்று கத்தி பாதியில் முக்கி முனகியது. "என்னம்மா, செருப்ப அறுத்து வச்சிருக்கியா?" என்றார் டாக்டர். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். "சூடு ஆறாம ஃப்ரீசர்ல வச்சது யாரு?"

கிழவர் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு முன்னால் வந்தார்.

"நான்தான் சார்," என்று முந்திக்கொண்டாள் மருமகள்.

"படிச்சவ பண்ற வேலையா இது? நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

தெருவில் நடக்கும்போது கிழவர் கேட்டார்: "நான் போய் உண்மையச் சொல்லிடட்டா?"

"சொல்லுங்க. உங்க வேலையும் போகும். உங்க பிள்ளையோட சேர்ந்து மூணு பேரும் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடக்கலாம்."

அவர் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் மட்டும் வேலைக்குக் கிளம்பினார். மருமகள் வாசல்வரை வந்தாள்.

"சட்டைப் பொத்தான மாத்திப் போட்டிருக்கீங்க மாமா," என்றாள்.