பேரிக்காயா, பூவா

கண்ணாடிக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு தமாயோ உள்ளே பாய்ந்தாள். தெருவில் டாக்ஸி என்ஜினை அணைக்காமல் நின்றது.

“கதவைச் சாத்துங்க தாயி. பனிச்சேறு மொத்தமும் என் கடைக்குள்ளதான் இருக்கு,” என்றார் ஒனோதெரா. யமகாதா ரயிலடிக்குப் பக்கத்தில் சாகே என்னும் ஜப்பானிய அரிசி மதுவை விற்கும் கடை வைத்திருப்பவர்.

“நேரமில்ல அண்ணே. புதுசா வந்ததுல நல்ல வாசனையா ஒண்ணு குடுங்க.”

‘மூச்சு மாறிவிட்டது, உடனே வாருங்கள்’ என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது. வேறொருத்தியாக இருந்தால் நேராக அங்கேதான் ஓடியிருப்பாள். தமாயோ பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வருஷாவருஷம் மார்ச் பிறந்து, சூடுபடுத்தாத புது சாகே கடைக்கு வந்ததும் அவள் போத்தலைச் செய்தித்தாளில் சுற்றி மறைப்பாள். அவள் கணவர் கியோஹரு கோப்பையை முகர்ந்துவிட்டு, அது என்ன வாசனை என்று ஒரே ஒரு சொல் சொல்வார். கல்யாணமானதிலிருந்து இந்த விளையாட்டு ஒரு வருஷமும் தவறியதில்லை. அவர் மூக்கும் தவறியதில்லை. போன இலையுதிர் காலத்தில் புற்றுநோய் அவர் குரல்வளையைக் கொண்டுபோனது. இப்போது வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்குவதில்லை. இறங்காவிட்டால் போகட்டும், மூக்கு இருக்கிறதே என்றுதான் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

“கூடத் தின்ன என்ன? கசப்புக் குருத்து பஜ்ஜியா?”

“ஒண்ணுமில்ல.”

“எத்தனை பேருக்கு?”

“ரெண்டு பேர். அதுல ஒருத்தர் குடிக்க மாட்டார்.”

“குடிக்காத மனுஷனுக்கா டாக்ஸி வச்சு வந்திருக்கீங்க?” என்று சிரித்தபடி ஒனோதெரா குளிர்பெட்டியைத் திறந்தார்.

முதல் கோப்பையில் நறுக்கிய பேரிக்காய் மணத்தது. நல்ல மணம்தான், ஆனால் போன வருஷம் வாங்கியதும் அதேதான். அடுத்ததில் முலாம்பழம், சென்ட் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்த பெண்ணைப் போல முகத்தில் அடித்தது. மூன்றாவதை முகர்ந்ததும் தமாயோ அசையாமல் நின்றாள். வெள்ளைப் பூ. மதில் மேல் எட்டிப் பார்க்கும் ப்ளம் கிளையைக் கடந்து போகும்போது வருகிற வாசனை.

“இதான்.”

“சூடு காட்டிடாதீங்க. அதுக்குன்னு ரொம்ப ஜில்லுன்னும் ஊத்தக் கூடாது. கொஞ்ச நேரம் மடியில வச்சிருங்க, அப்பதான் பூ விரியும். அவர் ஏன் வரல?”

“ஆஸ்பத்திரியில. கழுத்துல துளை போட்டிருக்காங்க.”

போத்தலைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது. “எங்க அண்ணனுக்கும் அதே ஆபரேஷன்தான்...” ஏதோ சொல்ல வாயெடுத்தவர் விழுங்கிக்கொண்டார். “எதைக் கொண்டுபோனாலும் நல்லாருக்குன்னுதான் சொல்வார், போங்க.”

“என் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியாதா? பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆளு.”

ஆஸ்பத்திரியில் கியோஹரு கண் விழித்துத்தான் இருந்தார். டாக்ஸியில் வயிற்றோடு அணைத்து வந்த போத்தலை, சுற்றிய தாளோடு காட்டினாள். அவர் உதட்டோரம் அசைந்தது. மெல்லிய கோப்பையில் கொஞ்சம் ஊற்றி மூக்கருகே பிடித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் கழித்து அவள் உள்ளங்கையை இழுத்து, விரலால் எழுதினார்.

பேரிக்காய்.

தமாயோ போத்தலின் தாளை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். “ஆமாங்க,” என்றாள். “பேரிக்காய்தான். உங்களை ஏமாத்த முடியுமா?”

கோப்பையைத் தலையணை ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தவள், நர்ஸ் தோகாஷியைப் பிடித்துக்கொண்டாள்.

“மருந்தைக் குறைங்கம்மா. அவர் மூக்கையும் அது கெடுத்துடுச்சு. போன வாரம்கூட காபி, நாரத்தை எல்லாம் சரியாச் சொன்னாரே.”

“அதெல்லாம் அவர் கண்ணால பார்த்தாரும்மா.” தோகாஷி தரையைப் பார்த்தாள். “மூச்சு கழுத்து வழியாப் போகுது. மூக்குல காத்தே ஏறாது. ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்கு எந்த வாசனையும் தெரியாது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எழுதிக் காட்டினார். தெரிஞ்சா, அவளுக்குக் கொண்டுவர ஒண்ணும் இருக்காதுன்னு.”

கதவின் கண்ணாடி வழியே தெரிந்தது. கியோஹரு கோப்பை இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தார்.