பதினோராவது ஜோடி

"பிடிச்சு இழுக்காதீங்கம்மா! ஒவ்வொண்ணும் நூத்தம்பது கிலோ!" வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டே கத்தினார் கடைக்காரர் ஹமாஜிமா.

தோமியே கையை எடுத்தாள். மூன்று நாளாய்த் தூக்கமில்லை. விடியற்காலையில்தான் ஆஸ்பத்திரியில் கணவர் ஷிகெனோரியின் உயிர் பிரிந்திருந்தது. மகன் யசுஹிரோ உடலோடு வண்டியில் வந்துகொண்டிருந்தான். அவர்கள் வழக்கப்படி தலையை வடக்கே வைத்து அவரைக் கிடத்த வேண்டிய இடத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"இந்தச் சனியனுங்களை முதல்ல வெளிய தள்ளுங்க ஹமாஜிமா சான். மனுஷன் வந்து படுக்க இடமில்ல."

இருபத்து நாலு பாய் விரிக்கலாம், அத்தனை பெரிய கூடம். ஷிகெனோரி தன் கையால் செய்த ஆம்ப்ளிஃபயரோ வெறும் மூன்று வாட். அந்தத் துளிச் சக்தியிலேயே கூடம் நிறையப் பாடுகிற ஸ்பீக்கர் வேண்டுமென்று ஆறு வருஷமாய்த் தேடினார். கேட்டுப் பார்க்க ஹமாஜிமாவின் கடையிலிருந்து ஒரு ஜோடி வரும். தோமியேவை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு பாட்டுப் போடுவார். "எப்படி?" என்பார். "நல்லாருக்கு" என்பாள். மறுவாரமே அது திரும்பிப் போய்விடும். ஒரு சோபா வாங்கலாமென்றால், ஸ்பீக்கர் முடிவாகட்டும் என்பார். பத்து ஜோடி போய் இது பதினொன்று. கட்டினவள் சொல்லுக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்களையும் அலைக்கழிச்சுட்டாரு. ஒண்ணாவது அவருக்குப் பிடிச்சுதா?"

"பிடிக்காமலா? மூணாவது ஜோடியே பிடிச்சுப்போச்சு. இந்தக் கூடத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்குன்னாரு."

"அப்புறம் ஏன் திருப்பி அனுப்பினாரு?"

ஹமாஜிமா தலையைச் சொறிந்தார். "நீங்க எழுந்து போயிட்டீங்களாம்."

"அடுப்புல மீன் கருகினா எழுந்துக்காம?"

"நானும் அதான் சொன்னேன். 'என்னைக்கு அவ ரெண்டாவது பாட்டுக்கும் உட்காருறாளோ, அந்த ஜோடியை எடுத்துக்கறேன்'னாரு. ஒவ்வொரு தடவையும் இதே பேச்சுதான்மா."

தோமியேவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"வாயைத் திறந்து 'உட்காரு'ன்னு சொன்னா குறைஞ்சா போயிடுவாரு? பாவி மனுஷன்!"

ஆத்திரப்படவும் தெம்பில்லை. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"போடுங்க."

"இப்பவா? வண்டி வந்துடுமே."

"போடுங்கங்கறேன்."

ஸ்பீக்கரில் யாரோ ஒருத்தி பியானோவோடு பாடினாள். உரக்கப் பாடவில்லை, ஆனாலும் கூடத்தின் கோடி வரை குரல் வந்தது. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. முதல் பாட்டு முடிந்ததும் தோமியேவின் கைகள் பழக்கத்தில் நாற்காலியை ஊன்றின. பிறகு மடிக்குத் திரும்பின. இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது அவள் தலை சாய்ந்து, லேசான குறட்டை வந்தது.

வாசலில் வண்டிச் சத்தம். ஹமாஜிமா வெறும் காலுறையோடு ஓடி இரண்டு கைகளையும் தூக்கி மறித்தார். யசுஹிரோ பதறிக்கொண்டு இறங்கினான்.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல தம்பி, மெதுவாப் பேசு. ரெண்டாவது பாட்டு ஓடுது. அம்மா உட்கார்ந்திருக்காங்க."

யசுஹிரோ திறந்திருந்த கதவு வழியே உள்ளே பார்த்தான். பிறகு வண்டிக்குள் கிடந்த அப்பாவைப் பார்த்தான்.

"எஞ்சினை அணைச்சுடுங்க" என்றான் டிரைவரிடம்.