மழை கேட்ட பாஸ்டர்

சபையில் வாலிபர்களைக் கவனித்துக்கொள்ளும் பாஸ்டருக்கு மனதுக்குள் ஜெபம் பண்ண வராது. முழங்கால் போட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வாய் திறந்தால் மைக் இல்லாமலே தெருமுனை வரைக்கும் கேட்கும். கல்யாணமான புதிதில் அவர் மனைவி, “ஆண்டவருக்குக் காது நல்லாத்தாங்க கேக்கும்” என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். அவள் ஆஸ்பத்திரி நர்ஸ். இதைவிடப் பெரிய சத்தங்களுக்கெல்லாம் பழகியவள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் மழை கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆண்டவரே, நாளைக்குக் காலையில ஒரு மழை அனுப்புங்க. தூறலெல்லாம் பத்தாது. கொட்டணும். மேட்ச் நின்னு போகணும். யார் மேலயும் பழி வராம நீங்களே பார்த்து நிறுத்திடுங்க.”

நல்ல மனிதர்தான். இப்படி ஒரு ஜெபத்துக்கு அவர் வந்து சேர்ந்ததற்கு அவருடைய வாயே காரணம். பள்ளிக்கூடங்களுக்கிடையே நடக்கும் கால்பந்துப் போட்டியின் ஃபைனலை இந்த வருடம் ஞாயிறு காலையில், சரியாக ஆராதனை நேரத்தில் வைத்துவிட்டார்கள். அது தெரிந்ததும் பாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன மாதம் பிரசங்க மேடையில் ஏறி, பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரை ஒரு பிடி பிடித்தார். பேசப் பேச அவருக்கே புல்லரித்தது. முடிந்ததும் சபைக்கு வரும் மெக்கானிக் ஒருவர் கண் கலங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாஸ்டர், என் பொண்ணை டீம்ல இருந்து எடுத்துடறேன்.”

மெக்கானிக்கின் மகள்தான் பள்ளி அணியின் கோல்கீப்பர். கூட ஆடும் பெண்கள் அவளைச் ‘சுவர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு பெரிய ஆட்டக்காரி ஒரு பிரசங்கத்தில் நின்றுவிட்டாள் என்றதும் பாஸ்டருக்குத் தலை கால் புரியவில்லை. பேசிய பேச்சுக்கு உடனே பலன் கிடைப்பது அவருடைய வேலையில் அபூர்வம்.

அந்தப் பெருமை மறு வாரமே போய்விட்டது. அவருடைய சொந்த மகள் பையைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குள் குதித்துக்கொண்டு ஓடிவந்தாள். “அப்பா! ஃபைனல்ல நான்தான் கீப்பர்!”

அவளும் அதே அணிதான். வருடம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று கீப்பர். பிரசங்கம் தயார் பண்ணும்போது அவளை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. ஆடாத பிள்ளைதானே என்ற நினைப்பு. இப்போது போகாதே என்றால், பிள்ளைக்குக் கிடைத்த முதல் வாய்ப்பில் அப்பனே மண்ணை அள்ளிப் போட்டதாக ஆகும். போ என்றால், சுவரை இறக்கிவிட்டுத் தன் மகளை ஏற்றிவிட்டான் என்று மெக்கானிக் நினைப்பார். வேறு எப்படி நினைப்பார்? பாஸ்டர் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார். வேதத்தில் ஓட்டப்பந்தயம் இருந்தது, மல்யுத்தம் இருந்தது, கால்பந்து இல்லை.

அதனால்தான் மழை. வாலிப வயதில் அவர் கிரிக்கெட் ஆடியவர். கைவிட்டுப் போக இருந்த எத்தனையோ ஆட்டங்களை மழை காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

“ஆமென்” என்று எழுந்து கதவைத் திறந்தார். மகள் ஒரு கையில் ஷூவும் ஒரு கையில் பிரஷுமாக நின்றுகொண்டிருந்தாள்.

“மழைக்கா ஜெபம் பண்ணீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்தார்.

“அப்பா, இது ஃபுட்பால். மழைக்கெல்லாம் நிறுத்த மாட்டாங்க. செமிஃபைனலே மழையிலதான் நடந்துச்சு. தொப்பலா நனைஞ்சு வந்தேன், நீங்கதானே டவல் எடுத்துக் கொடுத்தீங்க?”

டவல் கொடுத்தது ஞாபகம் இருந்தது. ஏன் நனைந்தாய் என்று கேட்ட ஞாபகம் இல்லை. சனிக்கிழமை மதியம் மேட்ச் என்றால் அவருக்கு அதே நேரத்தில் வாலிபர் கூட்டம். ஊரார் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்.

“நீங்க ஒரு மேட்ச் கூட பார்த்ததில்லல்ல?” என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பார். அவள் சும்மாதான் கேட்டாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

“நாளைக்கு நான் ஆடவா, வேண்டாமா? ஆண்டவர்கிட்ட போகாம நேரா என்கிட்டயே சொல்லுங்கப்பா.”

“தெரியலம்மா.”

“உங்களுக்கேவா?”

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “அந்தத் தெரியலையை மெக்கானிக்கிட்டயும் போய்ச் சொல்லுங்க. மேடையில எல்லாம் தெரிஞ்ச மாதிரிதானே பேசினீங்க!”

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை கொட்டியது. கேட்டபடியே, தூறல் கீறல் இல்லாமல். மகள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, “மழைக்குத் தேங்க்ஸ்பா” என்று மைதானத்துக்குக் கிளம்பிப் போனாள். அவர் தடுக்கவில்லை. ஜெபம் கேட்கப்பட்டதா, தன்னை வைத்து வேடிக்கை நடக்கிறதா என்று பாஸ்டருக்கு விளங்கவில்லை. ஆராதனையில் வாலிபர்களைப் பார்த்துக்கொள்ளும்படி கிட்டார் வாசிப்பவனிடம் சொல்லிவிட்டுக் குடையோடு நடந்தார்.

மெக்கானிக்கின் வீடு ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால். சபைக்கு உடுத்திக்கொண்டு அவர் ஷட்டருக்கு அடியில் நின்றிருந்தார்.

“அண்ணே, போன மாசம் நான் பேசினது சரியா தப்பான்னு எனக்கே இப்பத் தெரியல” என்றார் பாஸ்டர். “ஆனா என் பொண்ணு இன்னைக்கு ஆடப்போறா. உங்க பொண்ணு இடத்துல. அதை நான் வந்து சொல்லணும்ல.”

மெக்கானிக் சுத்தமாக இருந்த கையைத் துணியில் துடைத்தார். “இடத்தைக் காலி பண்ணத்தான் அப்படிப் பேசினாரோன்னு என் சம்சாரம் கேட்டா. நான் அவளைத் திட்டிட்டேன் பாஸ்டர்.”

பாஸ்டர் குடையை மடக்கிவிட்டு ஷட்டருக்கு அடியில் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

“இப்ப நான் என்ன பண்ணணும் பாஸ்டர்? சொல்லுங்க.”

“நான் சொல்லிச் சொல்லித்தான் அண்ணே இப்படி ஆச்சு. நீங்களே சொல்லுங்க.”

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். வாசற்படியில் சுவர் நின்றுகொண்டிருந்தாள். சபைக்குப் போகும் உடுப்புதான், ஆனால் காலில் ஆட்ட ஷூ, தோளில் ஜெர்சிப் பை. எப்போது மாட்டினாளோ. மெக்கானிக் வேன் சாவியை எடுத்தார்.

வேனில் போகும்போது பாஸ்டர் நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருந்தார். மைதானத்தில் இறங்கியதும்தான் என்ன செய்திருக்கிறோம் என்று உறைத்தது. சுவரைக் கண்டதும் கோச்சின் முகம் மலர்ந்தது. அவர் பாஸ்டரின் மகளிடம் போய்த் தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். கையுறையைக் கழற்றினாள். நனைந்திருந்ததால் ஒன்று சுலபத்தில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிச் சுவரிடம் கொடுத்தாள். பிறகு வழக்கமான பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

விசில் ஊதினார்கள். “பாஸ்டர், ரெண்டு பிள்ளைங்களுக்கும் சேர்த்து ஒரு ஜெபம் பண்ணுங்க” என்றார் மெக்கானிக்.

பாஸ்டர் கண்ணை மூடினார். தன் மகள் உள்ளே இறங்க வேண்டும் என்று மனம் கேட்டது. அவள் இறங்க வேண்டுமென்றால் சுவருக்குக் காலோ கையோ பிசக வேண்டும். பயந்துபோய்க் கண்ணைத் திறந்தார். வாயும் திறந்துதான் இருந்தது, சத்தம் வரவில்லை.

குடையை மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டு, கொட்டும் மழையில் நேராக நடந்துபோய்ப் பெஞ்சுக்கு முன்னால் நின்றார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். அழுதிருக்கிறாளா, மழையா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

“இங்க வெளியாளுங்க உக்காரக் கூடாதுப்பா” என்றாள். சொல்லிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.